கொசுவுக்கு நதிமூலம் கேட்க வேண்டும்

திருவண்ணாமலை மாவட்டத்துக்குப் புதிதாகப் பணிக்கு வரும் பூச்சியியல் பிள்ளைகளுக்கும், ஆராய்ச்சிக்காக வந்து இறங்கும் மாணவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நதிமூலம், ரிஷிமூலம் கேட்கக் கூடாது என்பார்கள். ரிஷிகள் வாழ்ந்த ஊர் இது. அவர்களிடம் கேட்க வேண்டாம். கொசுவிடம் இரண்டையும் கேட்டே ஆக வேண்டும். எந்தத் தண்ணீரில் பிறந்தது, எந்த வம்சத்தில் பிறந்தது என்று தெரியாமல் அடிக்கும் மருந்து பெரும்பாலும் வீண் செலவு, சில சமயம் கேடும்கூட.

1. "கொசுத் தொல்லை அதிகம்" என்று அறிக்கை எழுதாதீர்கள். எந்தக் கொசு என்று எழுதுங்கள். சாக்கடையிலும் கழிவுநீர்க் குழியிலும் பிறந்து இரவில் கடிப்பது கியூலெக்ஸ் குவின்குபேசியேட்டஸ்; யானைக்கால் நோய் அதன் வழியாக வரும். வீட்டுக்குள் நாம் பிடித்து வைத்த நல்ல தண்ணீரில் பிறந்து பகலில் கடிப்பது ஏடிஸ் எஜிப்தி. டெங்குவும் சிக்குன்குனியாவும் அதன் பொறுப்பு. கிணற்றிலும் மேல்நிலைத் தொட்டியிலும் வளர்வது நகர மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபன்சி. ஊரைத் தாண்டினால் ஆற்று மணலில் அனாபிலிஸ் கியூலிசிபேசிஸ், நெல் வயலில் கியூலெக்ஸ் டிரைடேனியோரிங்கஸ். ஐந்துக்கும் ஐந்து முகவரி, ஐந்து நேரம், ஐந்து நோய்க்கணக்கு.

டெங்கு வந்ததும் மக்கள் கோயில் குளத்தைக் கைகாட்டுவார்கள். ஐயங்குளத்தையும் போய்ப் பாருங்கள், தவறில்லை. ஆனால் மீன் உள்ள, அலையடிக்கும் பெரிய நீர்ப்பரப்பை ஏடிஸ் நாடுவதில்லை. குளத்துக்கு நாலு தெரு தள்ளி, மாடிப்படிக்குக் கீழே கிடக்கும் பழைய ஆட்டுக்கல்லில் அது இருக்கும்.

2. புழுவை முதலில் தண்ணீரிலேயே, அசையாமல் நின்று பாருங்கள். உங்கள் நிழல் தண்ணீரில் விழாத பக்கமாக நில்லுங்கள். நீர்மட்டத்தோடு ஒட்டிப் படுத்துக் கிடந்தால் அனாபிலிஸ். வாலில் மூச்சுக்குழலோடு தலைகீழாகத் தொங்கினால் மற்ற இரண்டில் ஒன்று. குழல் குட்டையாக, நெளிந்து நெளிந்து அடியில் போய் ஒளிந்தால் ஏடிஸ்.

முட்டையை மறந்துவிடாதீர்கள். ஏடிஸ் முட்டையை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, தொட்டியின் ஈரச் சுவரில் ஒவ்வொன்றாக ஒட்டும். அது காய்ந்தும் மாதக்கணக்கில் சாகாது. மறுபடி தண்ணீர் தொட்டவுடன் பொரியும். அதனால் தொட்டியைக் கவிழ்த்துக் கொட்டினால் வேலை பாதிதான் முடிந்தது. தேங்காய் நாரோ பிரஷோ கொண்டு சுவரைத் தேய்க்கச் சொல்லுங்கள். வீட்டுப் பெண்களிடம் இந்த ஒரு காரணத்தை விளக்கிச் சொன்னால் அவர்கள் செய்கிறார்கள். காரணம் சொல்லாமல் கட்டளையிட்டால் செய்வதில்லை.

இந்தக் கொசுவின் முன்னோர் ஆப்பிரிக்கக் காட்டில் மரப்பொந்துத் தண்ணீரில் பிறந்து விலங்குகளைக் கடித்து வாழ்ந்தவை. நீண்ட கோடையில் பொந்துகள் வறண்டபோது மனிதர் சேமித்த பானைத் தண்ணீர்தான் மிச்சம் இருந்தது. அதை அண்டிய கூட்டம் தலைமுறை தலைமுறையாக மனித வாடையை நாடும் வம்சமாகப் பிரிந்தது. கென்யாவில் பக்கத்துப் பக்கத்தில் வாழும் காட்டு ஏடிஸையும் வீட்டு ஏடிஸையும் ஒப்பிட்டு, இந்த நாட்டத்தோடு தொடர்புடைய ஒரு வாசனை உணர்வு மரபணுவை 2014இல் கண்டார்கள். கோடையில் குடம் குடமாகத் தண்ணீர் பிடித்து வைக்கும் நம் தெருக்களுக்கு அந்த வம்சம் வந்து சேர்ந்ததில் வியப்பில்லை. குழாயில் தினமும் தண்ணீர் வராத தெரு எது என்று நகராட்சிக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். டெங்கு வரைபடத்தில் பாதி அதிலேயே இருக்கும்.

3. பௌர்ணமியை வைத்துக் கணக்குப் போடுங்கள். இந்த ஊருக்கென்றே உள்ள கணக்கு இது. எந்தப் பாடநூலிலும் இல்லை.

பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் ஒரு பௌர்ணமி இரவில் லட்சக்கணக்கானோர் நடக்கிறார்கள். மறுநாள் காலையில் இளநீர் மட்டை, காகிதக் கோப்பை, அன்னதானத் தட்டு எல்லாம் ஓரத்தில் கிடக்கும். மழை பெய்தால் ஒவ்வொன்றும் ஒரு தொட்டி. முட்டை பொரிந்து, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, இறக்கை முளைத்துப் பறக்க நம் வெயிலில் எட்டு முதல் பத்து நாள். அது டெங்குக் காய்ச்சல்காரர் ஒருவரைக் கடித்தால், வைரஸ் அதன் உடலுக்குள் பெருகி உமிழ்நீருக்கு வந்து சேர இன்னும் எட்டு முதல் பன்னிரண்டு நாள். கூட்டிப் பாருங்கள், ஏறக்குறைய இருபது நாள். இரண்டு பௌர்ணமிக்கு இடையே இருபத்தொன்பதரை நாள். போன பௌர்ணமியில் எறிந்த மட்டையில் பிறந்த கொசு, அடுத்த பௌர்ணமிக் கூட்டம் வந்து விடுதியில் பகலில் படுத்துறங்கும்போது நோயோடு காத்திருக்க முடியும்.

ஆகவே பௌர்ணமி கழிந்த ஒரு வாரத்துக்குள் மட்டைகள் அப்புறப்படுத்தப்பட வேண்டும். பத்தாம் நாள் செய்கிற துப்புரவு கண்ணுக்கு அழகு, அவ்வளவே. கார்த்திகை தீபம் வடகிழக்குப் பருவமழைக்குள் வருவதால் அந்த மாதம் இன்னும் கறாராக இருங்கள்.

இன்னொன்று. இங்கே கடிபட்ட பக்தர் காய்ச்சலில் படுப்பது ஐந்தாறு நாள் கழித்து, ஆந்திரத்திலோ தெலங்கானாவிலோ சென்னையிலோ. அவர் பெயர் நம் பதிவேட்டில் வராது. நம் ஊரில் நோயாளி எண்ணிக்கை குறைவு என்பதைக் கொண்டு நம் ஊரில் நோய்ப்பரவல் குறைவு என்று முடிவு கட்டாதீர்கள். மற்ற மாவட்டத்துச் சுகாதார ஆய்வாளர்களோடு பேசிக்கொண்டே இருங்கள். காய்ச்சல்காரர்களிடம் "கிரிவலம் போனீர்களா" என்று கேட்கச் சொல்லுங்கள்.

4. தென்பெண்ணையை மழைக்காலத்தில் ஒரு முறை, தண்ணீர் வற்றும் காலத்தில் பல முறை போய்ப் பாருங்கள். அதன் குறுக்கே சாத்தனூர் அணை 1958இல் வந்தது. ஆறு ஓடும்போது கியூலிசிபேசிஸ் புழு அதில் நிற்காது, அடித்துக்கொண்டு போய்விடும். அணையிலிருந்து தண்ணீர் நின்றதும் ஆறு குட்டை குட்டையாகத் துண்டாகிறது. தெளிந்த, வெயில் படும், மணல் அடி கொண்ட அந்தக் குட்டைகள்தாம் அதற்கு வேண்டும். மணல் அள்ளிய குழிகளும் பாறை இடுக்குகளும் சேர்ந்துகொள்ளும். தென்பெண்ணைக் கரை மலேரியாவைப் பற்றி எஸ்.சி. திவாரி, என்.சி. அப்பாவு, ரேச்சல் ரூபன் உள்ளிட்டோர் 1984லேயே இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் எழுதியிருக்கிறார்கள். வேலைக்கு வந்த முதல் மாதத்திலேயே அதைத் தேடிப் படியுங்கள்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயலின்போது சாத்தனூரிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறந்துவிட்டார்கள். அப்படி ஒரு வெள்ளம் வந்த வாரம் ஆற்றில் புழு தேடிப் பயனில்லை. வெள்ளம் வடிந்து, புதுக்குழிகள் தெளிந்து, மீன்கள் இன்னும் வந்து சேராத வாரங்கள்தாம் உங்கள் வாரங்கள். ஊரெல்லாம் வெள்ளத்தை மறந்த நேரத்தில் நீங்கள் கரையில் நிற்க வேண்டும்.

5. முகத்தைப் பார்த்து வம்சத்தை முடிவு செய்யாதீர்கள். இது கடினமான பாடம். பொறுமையாகப் படியுங்கள்.

அனாபிலிஸ் கியூலிசிபேசிஸ் என்று நாம் ஒரு பெயரால் அழைப்பது ஒரே இனம் அல்ல. 1980இல் கிரீன், மைல்ஸ் இருவரும் அதில் ஏ, பி என இரண்டு இனங்கள் இருப்பதைக் காட்டினார்கள். பிறகு சரளா சுப்பாராவும் அவருடைய சகாக்களும் தொடர்ந்த ஆய்வுகளில் சி, டி என்று பட்டியல் நீண்டது. இறக்கைப் புள்ளி, கால், தலை எதிலும் வித்தியாசம் தெரியாது. ஆனால் ஒன்றோடு ஒன்று கலப்பதில்லை. வித்தியாசம் குரோமோசோமில் இருக்கிறது. அதன் ஒரு துண்டு முன்பின்னாகத் திரும்பி அமர்ந்திருக்கும். எந்தத் துண்டு திரும்பியிருக்கிறது என்பதை வைத்து இனம் பிரிப்பார்கள்.

அதைப் பார்க்க எல்லாக் கொசுவும் உதவாது. இரத்தம் குடித்து, அது பாதி செரித்து, முட்டை பாதி வளர்ந்த பெண் கொசுவாக இருக்க வேண்டும். அந்த நிலையில்தான் சூலகத்தின் ஊட்டச் செல்களில் குரோமோசோம்கள் பட்டை பட்டையாகப் பருத்திருக்கும். மாட்டுக்கொட்டகைச் சுவரில் டார்ச் அடித்துப் பார்க்கும்போதே வயிற்றின் முன்பாதி சிவப்பு, பின்பாதி வெளுப்பு என்று உங்கள் கண் பிரித்துவிட வேண்டும். பிடித்ததும் சூலகத்தை எடுத்து ஆல்கஹாலும் அசிட்டிக் அமிலமும் கலந்த கரைசலில் போட வேண்டும். தாமதித்தால் முட்டை முற்றிவிடும், பட்டைகள் போய்விடும்.

இவ்வளவும் எதற்கு? பி இனம் பெரும்பாலும் மாட்டை நாடும். மலேரியாவைப் பரப்புவதில் அது மிகவும் பின்தங்கியது. நாட்டில் பல இடங்களில் பி மட்டும் இருக்கும் ஊர்களில் மலேரியா குறைவு. ஆனால் ராமேஸ்வரம் தீவில் கணக்கு இடித்தது. குரோமோசோம் பட்டைகள் பி என்றன. மலேரியாவோ ஓயாமல் பரவியது. கார், சுப்பாராவ், ஏபென் முதலானோர் விடாமல் தேடினார்கள். நோய் சுமக்கும் தாய்க் கொசுவின் பட்டைகளில் வித்தியாசமே இல்லை. அவள் ஈன்ற ஆண் பிள்ளைகளின் ஒய் குரோமோசோமில்தான் விடை இருந்தது; அதன் வடிவம் வேறு. தாய் யார் என்று மகனைப் பார்த்து அறிந்தார்கள். 1999இல் அதற்கு இ இனம் என்று பெயர் வந்தது. பி மாட்டை நாட, இ மனிதரை நாடுகிறது. கடலுக்கு அப்பால் இலங்கையிலும் மலேரியாவைச் சுமந்தது இந்த இ இனமே.

இன்றைக்கு மரபணுச் சோதனையில் ஒரு காலை வைத்தே இனம் சொல்லிவிடலாம். சாதனம் எளிதாகிவிட்டது; கேள்வி பழையதுதான். ஒரு கிராமத்தில் கியூலிசிபேசிஸ் நிறைய என்றால், "எந்த வம்சம்?" என்று கேட்காமல் மருந்துக்கு எழுதாதீர்கள். ஆயிரம் பி இருக்கும் ஊரைவிடப் பத்து இ இருக்கும் ஊருக்கு முதலில் போக வேண்டியிருக்கலாம்.

6. கொசுவின் வயதைக் கேளுங்கள். இளம் கொசு கடித்தால் அரிப்பு மட்டும்தான். மலேரியாக் கிருமி அதன் உடலில் முதிர ஏறக்குறைய பத்து நாள் வேண்டும். அதுவரை உயிரோடிருக்கும் கிழவிகளே ஆபத்து. நாளொன்றுக்கு நூறில் தொண்ணூறு பிழைக்கும் என்றால் பத்து நாள் கழித்து முப்பத்தைந்து மிஞ்சும். நாளொன்றுக்கு எண்பது பிழைக்கும் என்று ஆக்கினால் மிஞ்சுவது பதினொன்றுக்கும் குறைவு. பிழைப்பைக் கொஞ்சம் குறைத்தால் நோய் பரப்பும் வயதை எட்டும் கொசு மூன்றில் ஒரு பங்காகச் சரிகிறது. மருந்து தோய்த்த கொசுவலையும் வீட்டுச் சுவரில் அடிக்கும் மருந்தும் வேலை செய்வது இந்தக் கணக்கில்தான். எனவே எண்ணிக்கையை மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். சூலகத்தின் மூச்சுக்குழல் இழைகள் சுருண்டிருந்தால் இன்னும் முட்டையிடாதவள், விரிந்திருந்தால் இட்டவள். இந்த அறுவையை ஓய்வு நேரத்தில் நாள்தோறும் பழகுங்கள், கை நடுங்காமல் வரும்.

7. ஆரணி, செய்யாறு பக்கம் போனால் வயலில் இறங்குங்கள். 1955இல் இந்தியாவில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது வேலூரில். அன்றைய வட ஆற்காடு மாவட்டத்துக்குள்தான் நம் ஊரும் இருந்தது, 1989இல்தான் பிரிந்தோம். இது நம் வீட்டு வரலாறு.

அந்த வைரஸ் கொக்கு, மடையான் போன்ற நீர்ப்பறவைகளிலும் பன்றியிலும் பெருகும். மாட்டில் பெருகாது, மனிதனிலிருந்து கொசுவுக்குத் திரும்பாது. வயல் கொசு பெரும்பாலும் மாட்டைத்தான் கடிக்கிறது என்பதால் மாடு நமக்கு ஒரு கேடயமாக இருந்து வந்திருக்கிறது. டிராக்டர் வந்து மாடு குறைந்த ஊரில் அந்தக் கொசு எங்கே போய்ப் பசியாறுகிறது? இதை அளந்து எழுதுங்கள். இளைஞர்கள் செய்ய வேண்டிய நல்ல வேலை இது.

நெல்லுக்கு யூரியா போட்டால் புழுவும் பெருகுகிறது என்று மதுரையில் இயங்கிய மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையத்தார் கண்டார்கள். வேப்பம்புண்ணாக்கு பூசிய யூரியாவும், விட்டு விட்டுத் தண்ணீர் கட்டுவதும் புழுவைக் குறைக்கும் என்றும் 1990களில் வயலில் செய்தே காட்டினார்கள். இப்போது கடையில் கிடைக்கும் யூரியா வேப்பெண்ணெய் பூசியது, 2015இல் வேறு நோக்கத்துக்காகக் கட்டாயமாக்கப்பட்டது. இரண்டும் ஒன்று என்று விவசாயியிடம் சொல்லிவிடாதீர்கள்.

8. மருந்தின் மேல் பக்தி வேண்டாம். டி.டி.டி.யின் துணையோடு 1965இல் நாட்டில் மலேரியா ஒரு லட்சம் பேர் அளவுக்குக் குறைந்தது. 1976இல் 64 லட்சத்தைத் தாண்டியது. காரணங்கள் பல; மருந்தைத் தாங்கும் கொசுக்கள் மட்டும் பிழைத்துப் பெருகியது அவற்றில் ஒன்று. மருந்து எதிர்ப்பை உண்டாக்குவதில்லை; ஏற்கெனவே அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த எதிர்ப்பு மரபணுவை நாம் தெளிப்பான் கொண்டு தேர்ந்தெடுக்கிறோம். ஆண்டுக்கு ஒரு முறையாவது கொசுக்களைச் சோதனைக் குழாயில் வைத்துப் பாருங்கள். ஒரு மணி நேரம் மருந்துத் தாளோடு, பிறகு 24 மணி நேரம் காத்திருப்பு. சாவு நூறில் 90க்குக் கீழே என்றால் எதிர்ப்பு வந்துவிட்டது. அந்த முடிவை மேலதிகாரிக்குப் பிடிக்காவிட்டாலும் எழுத்தில் கொடுங்கள்.

9. திருக்கோவிலூர் பக்கத்துக் கிராமங்களில் யானைக்கால் நோய்க்கு நடந்த வேலையைப் படியுங்கள். ரூபன், ராஜேந்திரன், சுனீஷ் முதலானோர் சில ஊர்களில் மாத்திரை மட்டும், சில ஊர்களில் மாத்திரையோடு கொசுக் கட்டுப்பாடும் என்று பிரித்துச் செய்தார்கள். கழிவுநீர் உறிஞ்சுகுழிகளில் தெர்மோகோல் மணிகளைக் கொட்டினார்கள். அவை மிதந்து பரப்பை மூட, புழுவுக்கு மூச்சுவிட வழியில்லை. கொசுவையும் கவனித்த ஊர்களில் பலன் நிலைத்தது. கியூலெக்ஸ் எங்கே பிறக்கிறது என்று சரியாகக் கண்டுகொண்டவர்களுக்குத்தான் இவ்வளவு எளிய பொருள் போதுமானதாக இருந்தது.

10. மரபியல் வழிக் கட்டுப்பாடு வருகிறது. அதைக் கற்றுக்கொள்ளுங்கள், அதன் பழைய கதையையும் சேர்த்து. 1970களின் தொடக்கத்தில் டெல்லியில் உலக சுகாதார நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து மலட்டு ஆண் கொசுக்களை விடும் ஆய்வை நடத்தின. நல்ல விஞ்ஞானிகள், நல்ல நோக்கம். ஆனால் பத்திரிகையிலும் நாடாளுமன்றத்திலும் சந்தேகங்கள் கிளம்பி, 1975இல் அந்த ஆய்வுப் பிரிவு மூடப்பட்டது. இந்தியாவில் அந்தத் துறை பல்லாண்டு பின்தங்கிப் போனது.

இப்போது பக்கத்துப் புதுச்சேரியில், 1975இல் தொடங்கிய நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், வோல்பாக்கியா பாக்டீரியா கொண்ட ஏடிஸ் கொசுக்களை உருவாக்கி 2022இல் அறிவித்தது. இந்த பாக்டீரியா தாய் வழியே முட்டைக்குப் போகும். அது உள்ள ஆண், அது இல்லாத பெண்ணோடு கூடினால் முட்டை பொரிக்காது. பெண்ணிடம் இருந்தால் பொரிக்கும். அதனால் அது தானே ஊரில் பரவுகிறது, கொசுவுக்குள் டெங்கு வைரஸையும் அடக்குகிறது. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் நடந்த ஆய்வில் டெங்கு 77 சதவீதம் குறைந்தது. நம் கியூலெக்ஸிடம் வோல்பாக்கியா இயற்கையாகவே உண்டு. அதன் நெருங்கிய உறவினமான கியூலெக்ஸ் பிபியன்ஸில்தான் 1924இல் முதன்முதலில் கண்டார்கள். மக்களிடம் பேசும்போது இதிலிருந்து தொடங்குங்கள். "உங்கள் வீட்டுச் சாக்கடைக் கொசுவில் ஏற்கெனவே இருப்பதுதான்" என்றால் பயம் பாதி போகும்.

ஆனால் நம் ஊரில் எதையாவது விடும் நாள் வந்தால், தேரடித் தெருக் கடைக்காரர், பூக்காரம்மா, ஆட்டோக்காரர், மடத்துச் சாமியார் எல்லோரும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். அவர்கள் வேண்டாம் என்றால் விடக்கூடாது.

11. வீடு வீடாகத் தொட்டி பார்க்கும் அக்காமாரை வேலையாள் என்று நினைக்காதீர்கள். எந்த வீட்டுக் கொல்லையில் எந்தத் தொட்டி, எந்த வீட்டில் நாய், எந்த லாட்ஜ் மாடிக்கு ஏற விடமாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரிய ஆண்டுகள் ஆகும். தினக்கூலியில் வெயிலில் நடக்கிறார்கள். அவர்கள் எடுத்துவந்த புழுவை அவர்கள் கண்முன்னே உருப்பெருக்கியில் வைத்துக் காட்டுங்கள். மறுநாள் முதல் அவர்கள் கண்டுபிடிக்கும் புழு இரட்டிப்பாகும்.

12. விருந்தாளிகளையும் கவனியுங்கள். நம் ஊர் ஸ்டீபன்சி 2012இல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் இறங்கி, மலேரியா கிராமத்து நோய் என்றிருந்த கண்டத்தில் நகரங்களையும் அச்சத்தில் ஆழ்த்தியிருக்கிறது. 2016 செப்டம்பரில் மலேரியா இல்லாத நாடு என்று சான்று பெற்ற இலங்கையில், சில மாதங்களிலேயே மன்னாரில் அது தென்பட்டது. அப்படி ஒரு கொசு வந்ததை அங்கே ஒருவர் கவனித்துச் சொன்னதால்தான் தெரிந்தது. உங்கள் சோதனைக் குழாயில் பழக்கமில்லாத ஒன்று விழுந்தால் தூக்கி எறியாமல் ஓசூரில் உள்ள நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு நிறுவனத்துக்கோ புதுச்சேரி மையத்துக்கோ அனுப்பிக் கேளுங்கள்.

13. பிடித்த கொசு ஒவ்வொன்றுக்கும் சீட்டு எழுதுங்கள். ராமேஸ்வரத்தில் இ இனம் வெளிப்படும்வரை அந்தத் தீவிலிருந்து பிடித்தவை எல்லாம் பி என்றே எழுதப்பட்டிருக்கும். இடமும் நாளும் குறித்துக் காயவைத்த கொசுவை இன்றைய மரபணுச் சோதனையில் மறுபடி விசாரிக்கலாம். சீட்டில்லாத கொசுவை ஒன்றும் செய்ய முடியாது. சிலிக்கா மணிகளோடு சிறு குப்பியில் வையுங்கள். சீட்டைப் பென்சிலால் எழுதுங்கள், மை ஆல்கஹாலில் கரைந்துபோகும். கிராமம், தெரு, நாள், நேரம், வீட்டுச் சுவரா கொட்டகைச் சுவரா, வயிற்றின் நிலை, பக்கத்தில் இருந்த தண்ணீர் எது, பிடித்தவர் பெயர். தண்ணீரை எழுதும்போது "குட்டை" என்று விடாதீர்கள். மணல் குட்டையா, பாறைக் குட்டையா, நிழலா வெயிலா, மீன் இருந்ததா என்றும் சேர்த்து எழுதுங்கள்.